மாற்றமில்லை – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வடமகுடக் கூட்டத்தில் உள்ள டி கொரோனே பொரியாலிஸ் என்ற விண்மீன் 2024 செப்டம்பருக்குள் வெடிக்கும் என்று படித்துவிட்டு பைனாகுலர் வாங்கினேன். மாதக்கணக்கில் பார்த்தேன், ஒன்றும் நடக்கவில்லை. பிறகு சொன்ன தேதிகளும் பொய்த்துவிட்டன. விஞ்ஞானிகளே இப்படி ஜோசியம் சொல்லலாமா? ஒரு விண்மீன் சாவதைப் பார்க்க ஆசைப்பட்டேன், எல்லாம் வீண். திருவாதிரையாவது என் ஆயுளுக்குள் வெடிக்குமா? இல்லையென்றால் பைனாகுலரை விற்றுவிடலாமா?

கே.

அன்புள்ள கே.,

திருவாதிரையை விடுங்கள். ஒரு லட்சம் வருடம்கூட ஆகலாம் என்கிறார்கள். அப்புறம், நீங்கள் காத்திருந்த விண்மீன் சாகப்போவதில்லை. அங்கே இருப்பது இரண்டு. ஒரு சிவப்பு ராட்சத விண்மீனிலிருந்து வழியும் ஹைட்ரஜன் பக்கத்திலிருக்கும் வெண்குள்ளன் (எரிந்து முடிந்த விண்மீனின் சுருங்கிய மிச்சம்) மேல் படிகிறது. படிந்த அடுக்கு கனத்து, சூடேறி, ஒரு கட்டத்தில் அது மட்டும் வெடிக்கிறது. வெண்குள்ளன் அப்படியே இருக்கும், மறுபடி சேர்க்க ஆரம்பிக்கும். இது நோவா. விண்மீனே வெடித்துச் சாகும் சூப்பர்நோவா வேறு கதை.

ஆனால் ஜோசியம் என்று எழுதியிருக்கிறீர்களே, அதற்குத்தான் இந்தப் பதில். 1946இல் வெடிப்பதற்கு ஏறக்குறைய ஒரு வருடம் முன்பு இந்த விண்மீன் கொஞ்சம் மங்கியது. 2023இலும் அதேபோல மங்கியது. அதனால் எதிர்பார்த்தார்கள். சரி, 1945இல் மங்கியது நமக்கு எப்படித் தெரியும்? அப்போது அது வெடிக்கவும் இல்லை, செய்தியிலும் இல்லை. யாரோ சிலர் ராத்திரி ராத்திரியாக அதைப் பக்கத்து விண்மீன்களோடு ஒப்பிட்டு, இதைவிடப் பிரகாசம், அதைவிட மங்கல் என்று எண் போட்டு வைத்தார்கள். நீங்கள் வீண் என்று தள்ளுகிற அதே வேலை.

இருபது வயதில் நானும் அப்படித்தான் இருந்தேன். மாமா ஒருவர் மீரா என்ற விண்மீனைப் பின்தொடர்ந்துகொண்டிருந்தார். சுமார் 332 நாளுக்கு ஒருமுறை கண்ணுக்கு நன்றாகத் தெரியும்படி ஏறி, பிறகு காணாமல் போய்விடும். 1596இல் அதைக் கவனித்த ஃபாப்ரிசியஸ் என்ற வானியலாளர், மறைந்ததும் போயே போய்விட்டது என்றுதான் நினைத்தார். 1609இல் திரும்பவும் பார்த்தார். மாமா ஊரில் இல்லாத வாரம் நோட்டு என் பொறுப்பு. நான்கு நாள் ஒழுங்காகப் பார்த்தேன். ஐந்தாம் நாள் குளிர். போர்வைக்குள்ளிருந்தே முந்தைய நாள் எண்ணைத் திரும்ப எழுதிவிட்டேன். ஒரே ராத்திரியில் என்ன மாறிவிடும்?

மாமா வந்து நோட்டைப் பார்த்தார். "அன்னிக்கு ராத்திரி முழுக்க மேகமாச்சே" என்றார். அவ்வளவுதான். என் எண்ணை அடித்துவிட்டுப் பக்கத்தில் 'பார்க்கவில்லை' என்று எழுதினார். திட்டியிருந்தால் மறந்திருப்பேன்.

'பார்த்தேன், மாற்றமில்லை' என்பது ஒரு தகவல். 'மேகம்' என்பதும் தகவல்தான். 'பார்க்கவில்லை' என்பது ஒன்றும் சொல்லாது, ஆனாலும் யாரையும் ஏமாற்றாது. இந்த மூன்றையும் நீங்கள் 'ஒன்றும் நடக்கவில்லை' என்ற ஒரே மூட்டையில் கட்டிவிட்டீர்கள். எத்தனை ராத்திரி பார்த்தீர்கள்? எந்தெந்தத் தேதி? எழுதி வைத்தீர்களா? வைத்திருக்கமாட்டீர்கள். வைத்தவர் கடிதத்தில் 'மாதக்கணக்கில்' என்ற சொல் வராது.

லெஸ்லி பெல்டியர் என்று ஒரு அமெரிக்கர். தொழில்முறை வானியலாளர் இல்லை. வாழ்நாளில் 1,32,000 முறைக்கு மேல் மாறொளி விண்மீன்களை அளந்து எழுதியவர். உங்கள் விண்மீனையே 25 வருடம் பார்த்துக்கொண்டிருந்தார். 1946 பிப்ரவரியில் ஒரு நாள் ராத்திரி இரண்டரை மணிக்கு அலாரம் வைத்து எழுந்தார். ஜலதோஷம் பிடிக்கும்போல இருந்தது, மறுபடி படுத்துவிட்டார். அந்த ராத்திரிதான் வெடித்தது. பிறகு அந்த விண்மீன் மேல் அவருக்குக் கொஞ்சம் கோபம்கூட வந்ததாம். இதையெல்லாம் நமக்குச் சொன்னது அவரேதான். எனக்கு அவரை அதனால்தான் பிடிக்கும். போர்வைக்குள்ளிருந்து எண் எழுதவில்லை அவர்.

கோபித்துக்கொள்ளாதீர்கள். மாதக்கணக்கில் அண்ணாந்து பார்த்தவரைத்தான் திட்டுகிறேன், பார்க்காதவர்களிடம் எனக்குப் பேச்சே இல்லை.

பைனாகுலர் பற்றிக் கேட்டிருந்தீர்கள், இல்லையா? சாதாரண நாளில் அந்த விண்மீன் பத்தாம் ஒளித்தரம் (எண் குறையக் குறையப் பிரகாசம் அதிகம்). உங்கள் பைனாகுலரில் தெரிவதே சந்தேகம். வெடித்தால் இரண்டாம் ஒளித்தரம், அந்த மகுடத்தில் இப்போது பளிச்சென்று இருக்கும் ஆல்ஃபெக்கா விண்மீன் அளவுக்கு. வெறுங்கண் போதும். ஆகவே தாராளமாக விற்கலாம். அதற்கு முன் ஒரு நோட்டு வாங்கி, ஒரு மாதம் கழித்து அதில் எத்தனை ராத்திரி மேகம், எத்தனை ராத்திரி சோம்பல் என்று மட்டும் எனக்கு எழுதுங்கள்.