மன்னரைக் கூண்டில் ஏற்றிய வக்கீல்: ஜான் குக் பற்றிக் கேள்வி பதில்

சட்டக் கல்லூரி மாணவி: சார், இங்கிலாந்து மன்னர் முதலாம் சார்லஸ் மேல் நாடாளுமன்றத்துக்காக வழக்கு நடத்திய ஜான் குக் எழுதியதில் எதை முதலில் படிக்கலாம்?

1648இல் வந்த 'ஏழையின் வழக்கு'. இங்கிலாந்தில் உள்நாட்டுப் போர், கூடவே விளைச்சலும் பொய்த்த காலம். பார்லியெல்லாம் பீர் காய்ச்சப் போனால் ஏழை ரொட்டிக்கு எங்கே போவான் என்கிறார். தானிய விலையை இறக்கு, சாராயக்கடையைக் குறை, ஏழைக்கு வக்கீல் காசு வாங்காமல் வாதாடட்டும். சக வக்கீல்களுக்கு இனித்திருக்காது!

வாசகர்: ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலில் போனவரா?

அது ஜேம்ஸ் குக்.

ஆசிரியர்: பெரிய சட்ட மேதை எட்வர்ட் கோக்கும் இவரும் ஒருவரா?

இல்லை. அவர் 1634இலேயே காலமாகிவிட்டார். அவர் பெயரையும் 'குக்' என்றே உச்சரிப்பார்கள். தேடும்போது ஜாக்கிரதை.

மாணவர்: கைத்தடிக் கதை நிஜமா?

நிஜம். 1649 ஜனவரி 20, லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் மண்டபம், மன்னர் மீதான விசாரணை. குக் குற்றச்சாட்டைத் தொடங்கும்போது, நிறுத்து என்று சார்லஸ் தடியால் அவர் தோளில் தட்டினார். தடியின் வெள்ளிப் பூண் கழன்று விழுந்தது. யாராவது எடுத்துத் தருவார்கள் என்று பார்த்தார். யாரும் அசையவில்லை. மன்னரே குனிந்து எடுத்தார்.

வழக்கறிஞர்: ஃபீஸ் வாங்கி வாதாடியவரை, மன்னராட்சி திரும்பியதும் 1660இல் கொன்றது அநியாயம் இல்லையா?

கொன்றது கொடுமைதான். ஆனால் 'ஃபீஸுக்காக' என்பதை நான் ஏற்கவில்லை. தன் விசாரணையில் குக்கே அப்படித்தான் வாதாடினார்: பேராசை என்று வேண்டுமானால் சொல்லுங்கள், வன்மம் என்று சொல்லாதீர்கள். சரி, அப்படியானால் 'மன்னர் சார்லஸின் வழக்கு' என்ற நூலை எழுதியது எதற்கு? சார்லஸ் நீதிமன்றத்தையே ஏற்க மறுத்ததால் குக் தன் முழு வாதத்தையும் பேச முடியாமல் போனது. மன்னர் தலை போனபின் அந்தப் பேசாத பேச்சைத்தான் அச்சிட்டார்.

அதே வழக்கறிஞர்: கட்சிக்காரர் நாடாளுமன்றம். அவர்களுக்காக எழுதியிருப்பார்.

தீர்ப்பு வந்து, தண்டனையும் முடிந்த வழக்குக்கா? அதையும் விடுங்கள். பிறகு அயர்லாந்தில் நீதிபதியாக இருந்தபோது 'மன்னராட்சி கடவுள் படைத்ததல்ல' என்று ஒரு புத்தகமே போட்டார். அதற்கு எந்தக் கட்சிக்காரர் ஃபீஸ் கொடுத்தார்? அவர் நம்பித்தான் எழுதினார். கூலிக்காரர் என்றால் உயிர் தப்பலாம் என்று அந்தக் கடைசி வழக்கில் தன்னையே குறைத்துச் சொல்லிக்கொண்டார். அதை நம்பினால் அவர் எழுத்து முழுவதையும் தூக்கிப் போட வேண்டும்.

அதே வழக்கறிஞர்: எழுத்து வேறு, வக்காலத்து வேறு, ஐயா.

அது உங்கள் கட்சி. நானும் விடுவதாக இல்லை.

வாசகி: எட்வர்ட் குக்தானே மன்னர் மேல் வழக்குத் தொடுத்தவர்?

அம்மா, மேலே மூன்றாவது கேள்வி.