பழைய மெஷின்ல டேட்டா எடுக்கறது பத்தி கேளுங்க, தெரிஞ்சத சொல்றேன்

கேள்வி: அண்ணா, கோவை கணபதில சின்ன ஜாப் ஒர்க் பட்டறைங்க, எல்லாமே பழைய லேத்து. கஸ்டமர் மெஷின் டேட்டா (எப்ப ஓடுது, எப்ப நிக்குதுன்னு) கேக்கறாங்க, லேத்துல போர்ட்டே இல்லயே, மெஷினையே மாத்தணுமா?

பதில்: எதுக்குங்க மாத்தணும். மோட்டார் ஒயர்ல கிளாம்ப் டைப் சிடி (கரண்ட் ட்ரான்ஸ்ஃபார்மர், ஒயர்ல போற கரண்ட்ட அளக்கற சென்சார்) மாட்டுங்க, ஒயர வெட்டவே வேணாம். ஆனா மூணு ஃபேஸ் ஒயர்ல ஒண்ண மட்டும் தான் சுத்தி மாட்டணும், மூணையும் சேத்து உள்ள விட்டா ஒண்ணையொண்ணு கேன்சல் பண்ணி ஜீரோ கிட்ட தான் காட்டும், சென்சார் போச்சுன்னு கடைக்காரர்கிட்ட சண்டைக்குப் போவீங்க. சும்மா சுத்தறப்ப ஒரு ஆம்ப்ஸ், டூல் வெட்டறப்ப அதவிட ஜாஸ்தி, அத வெச்சே ஓடுதா நிக்குதான்னு தெரிஞ்சுரும். ஃபினிஷிங் கட்ல வித்தியாசம் கம்மி, அதனால லெவல ஒவ்வொரு மெஷினுக்கும் ஓட்டிப் பாத்து தான் செட் பண்ணணும்.

கேள்வி: சார், 98 மாடல் சிஎன்சி (கம்ப்யூட்டர் கண்ட்ரோல்ல ஓடற மெஷின்), ஃபானுக் கம்பெனி கண்ட்ரோல். ஆர்எஸ்232ன்னு பழைய சீரியல் போர்ட் இருக்கு, அதுல லைவ் டேட்டா வருமா?

பதில்: அது ப்ரோக்ராம் ஏத்த இறக்க தாங்க. கஸ்டம் மேக்ரோ ஆப்ஷன் (ப்ரோக்ராம்ல நாமளே லாஜிக் எழுதற வசதி) இருந்தா டிபிஆர்என்டின்னு டேட்டா வெளிய அனுப்பற கமாண்ட் போட்டு பீஸ் முடிய முடிய ஒரு லைன் வெளிய அனுப்ப வைக்கலாம். இல்லன்னா டவர் லைட் (மெஷின் மேல இருக்கற சிவப்பு, மஞ்சள், பச்சை விளக்கு) சிக்னல எடுங்க, பச்சை எரிஞ்சா ஓடுது, அவ்ளோ தான். அது பெரும்பாலும் 24 வோல்ட், சிக்னல படிக்கற இஎஸ்பி32ங்கற சின்ன வைஃபை போர்டோட பின் 3.3 வோல்ட், நடுவுல ஆப்டோகப்ளர் (ரெண்டு சர்க்யூட்டையும் ஒளியால பிரிச்சு வைக்கற சிப்) போடாம நேரா குடுத்தா போர்டு காலி. அதுக்கெல்லாம் முன்னாடி பேராமீட்டர் (மெஷினோட செட்டிங் மதிப்புங்க) பேக்கப் எடுத்துருங்க, மெமரி பேட்டரி மாத்தறதா இருந்தா பவர் ஆன்ல வெச்சு மாத்துங்க, ஆஃப் பண்ணி கழட்டினா எல்லாம் அழிஞ்சுரும், அப்புறம் சர்வீஸ் ஆளுக்கு ஃபோன் போட்டுட்டு உக்காந்திருக்க வேண்டியது தான்.

கேள்வி: விஎஃப்டி (மோட்டார் வேகத்த மாத்தற ட்ரைவ்) ஓடறப்ப மட்டும் சென்சார் ரீடிங் தாறுமாறா வருது ப்ரோ

பதில்: மோட்டார் கேபிளும் சென்சார் கேபிளும் ஒரே ட்ரேல போகுதா? பிரிச்சு விடுங்க, ஷீல்டு கேபிள் போடுங்க.

கேள்வி: ப்ரோக்ராம் ஏத்தற பிசி விண்டோஸ் எக்ஸ்பி. நெட்ல சேக்கலாமா?

பதில்: வேண்டவே வேண்டாம். எக்ஸ்பிக்கு 2014 ஏப்ரல்லயே சப்போர்ட் நின்னுருச்சு. 2018 ஆகஸ்ட்ல தைவான் டிஎஸ்எம்சி சிப் ஃபேக்டரிலயே, புதுசா வந்த மெஷின வைரஸ் ஸ்கேன் பண்ணாம நெட்வொர்க்ல சேத்து ப்ரொடக்ஷன் நின்னு போச்சு. மெஷின் நெட்வொர்க் தனி, ஆபீஸ் வைஃபை தனி.

கேள்வி: டேஷ்போர்ட் (மெஷின் நிலவரம் காட்டற ஸ்கிரீன்) வெச்சோம், ஆபரேட்டருங்க சென்சார் ஒயர பிடுங்கி விட்டுர்றாங்க அண்ணா

பதில்: நின்ன நேரத்த மட்டும் காட்டினா அப்படித்தான் பண்ணுவாங்க, நானா இருந்தாலும் பிடுங்குவேன். ஏன் நின்னுச்சுன்னு அமுக்க பட்டன் குடுங்க: மெட்டீரியல் வரல, டூல் இல்ல, செட்டிங், கரண்ட் இல்ல. பாதி நேரம் கோளாறு ஸ்டோர்லயும் ப்ளானிங்லயும் தான் இருக்கும், அது ஸ்கிரீன்ல வந்தா அவங்களே ஒயர பத்திரமா பாத்துக்குவாங்க. பட்டன் அஞ்சுக்கு மேல வேணாம், நிறைய வெச்சா எல்லாரும் மொத பட்டனையே அமுக்கிட்டு போயிருவாங்க.