வாசலைக் கடந்து போன கருஞ்சிறுத்தை

கேள்வி: கோத்தகிரி பக்கம் ஒன்றரை ஏக்கர் தேயிலை வைத்திருக்கிறோம். போன வாரம் இரவு 2 மணிக்கு ஒரு சிறுத்தையும், அதன் பின்னால் முழுக்கக் கறுப்பாக, கொஞ்சம் சின்னதாக இன்னொன்றும் வாசலைக் கடந்தது சிசிடிவியில் பதிவாகியிருக்கிறது. கறுப்பு வேறு இனம், மூர்க்கம் அதிகம், கூண்டு வைத்துப் பிடிக்கச் சொல்லுங்கள் என்கிறார்கள் பக்கத்தில். வீட்டில் ஆறு வயதுப் பையன், ஒரு நாய், நான்கு ஆடுகள். என்ன செய்வது?

பதில்: இரண்டும் ஒரே இனம்தான். கருஞ்சிறுத்தை என்று தனியாக ஒரு விலங்கு கிடையாது. நல்ல வெயிலில் பார்த்தால் அதன் உடம்பிலும் புள்ளிகள் உண்டு. கறுப்புப் பட்டில் கறுப்பு நூலாலேயே பூவேலை செய்தது போல, வெளிச்சம் சாய்வாக விழும்போது அவை மேலெழும். மலேசியக் காடுகளில் ஏறக்குறைய எல்லாச் சிறுத்தையும் கறுப்பு என்பதால், ஒன்றை இன்னொன்றிலிருந்து பிரித்தறிய முடியாமல் ஆய்வாளர்கள் திணறினார்கள். அகச்சிவப்பு ஒளியில் படம் எடுத்தபோது புள்ளிகள் தெரிந்தன. உங்கள் கேமராவும் இரவில் அதே ஒளியில்தான் படம் பிடிக்கிறது. விலங்கு கேமராவுக்கு அருகில் வந்த இடத்தில் காட்சியை நிறுத்தி, தோள்பட்டையைப் பெரிதாக்கிப் பாருங்கள்.

இந்தக் கறுப்பு பிறப்பிலேயே வருவது. சிறுத்தையைப் பொறுத்தவரை, தாயிடமிருந்து ஒன்று, தகப்பனிடமிருந்து ஒன்று என இரண்டு பக்கமும் அந்த மரபணு வந்தால்தான் குட்டி கறுப்பாகும். அதனால் புள்ளிச் சிறுத்தைக்கே கறுப்புக் குட்டி பிறக்கும். சிறுத்தை போலவே புள்ளி உள்ள தென் அமெரிக்கப் பெரும்பூனையான ஜாகுவாரில் கதை வேறு, அங்கே ஒரு பக்கம் வந்தாலே போதும். ஒடிசாவின் சிம்லிபாலில் ‘கறுப்புப் புலி’ என்கிறார்களே, அது வரிகள் அகன்று ஒன்றோடொன்று சேர்ந்த புலி. உலகச் சிறுத்தைகளில் சுமார் 11 சதவீதம் கறுப்பு என்று கணக்கிட்டிருக்கிறார்கள். ஈரமும் அடர்த்தியும் உள்ள காடுகளில்தான் அதிகம். கர்நாடகத்தின் கபினி, தாண்டேலி, உங்கள் நீலகிரி எல்லாம் அப்படிப்பட்ட இடங்கள்.

சிறுத்தை தனித்துத் திரியும் விலங்கு. இரண்டு சேர்ந்து நடந்தால் ஒன்று இணை, இல்லையென்றால் தாயும் வளர்ந்த குட்டியும். பின்னால் வந்தது சின்னது என்கிறீர்கள். தாயும் குட்டியுமாகத்தான் இருக்க வேண்டும் என்பது என் கணிப்பு. குட்டி ஒன்றரை வயது, சில சமயம் அதற்கு மேலும், தாயோடு சுற்றி வேட்டை பழகும், பிறகு பிரிந்து போய்விடும். கறுப்பு என்பதால் மூர்க்கம் கூடுவதில்லை. அதே எடை, அதே இரை, அதே கூச்சம்.

சரி, ஏன் வாசலுக்கு வந்தன? பெரும்பாலும் உங்கள் நாய்க்காக. தேயிலைக்குள் முயல், கேளையாடு என்கிற சின்ன மான், காட்டுப்பன்றிக் குட்டி எல்லாம் கிடைத்தாலும், திண்ணையில் சங்கிலியில் கட்டிய நாய் சிறுத்தைக்கு இலை போட்டு வைத்த சாப்பாடு. இன்று இரவிலிருந்தே நாயை வீட்டுக்குள் படுக்க வையுங்கள். ஆட்டுக் கொட்டகையில் கதவை விடக் கூரைக்கும் சுவருக்கும் நடுவில் உள்ள இடைவெளியைப் பாருங்கள். பல வீடுகளில் சிறுத்தை நுழைந்தது அந்த வழியாகத்தான். வலுவான வலைக்கம்பி அடித்து மூடிவிடுங்கள். கோழிக்கழிவை வேலியோரம் கொட்டினால் தெருநாயும் பன்றியும் வரும், அவற்றின் பின்னால் இதுவும் வரும்.

பையனை அந்தி சாய்ந்த பிறகும் விடியும் முன்பும் தனியாக வெளியே விடாதீர்கள். கழிப்பறை வெளியே இருந்தால் விளக்கும் துணையும் வேண்டும். குனிந்தோ குந்தியோ இருக்கும் ஆள் அதன் கண்ணுக்குச் சின்ன இரை போலத் தெரியலாம். எதிரே வந்துவிட்டால் ஓடாதீர்கள். பையனைத் தூக்கிக்கொண்டு, முகம் பார்த்தபடி மெல்லப் பின்வாங்கி, அது போக வழி விடுங்கள். கவ்வாத்து செய்யாமல், அதாவது கிளைகளை வெட்டிவிடாமல், உயர்ந்து கிடக்கும் தேயிலையில் கொழுந்து எடுக்க இறங்கும் முன் குச்சியால் தட்டி, சத்தம் போட்டுப் பேசிக்கொண்டு போங்கள். செடிக்கு அடியில் குட்டி கிடந்தால் தொடவே கூடாது. விலகி வந்து வனக்காப்பாளருக்குச் சொல்லுங்கள். பெரும்பாலும் தாய் இருட்டியதும் வந்து தூக்கிப் போய்விடும்.

கூண்டு கேட்பவர்களிடம் மகாராஷ்டிரத்தின் ஜுன்னர் பகுதியைச் சொல்லுங்கள். 2000-களின் தொடக்கத்தில் அங்கே சிறுத்தைகளைப் பிடித்து வேறு காடுகளில் விட்டார்கள். அதன் பிறகு மனிதர்கள் மீதான தாக்குதல் கூடத்தான் செய்தது. பிடித்த இடம் காலியாகவும் இருப்பதில்லை, இன்னொன்று வந்து சேரும்.

எனக்கு உண்மையில் பயம் கொடுப்பது வேறு. பக்கத்துத் தோட்டங்களில் காட்டுப்பன்றிக்காகச் சுருக்குக் கம்பி வைத்திருக்கிறார்களா? 2020 மே மாதம் இலங்கை மலையகத்தின் நல்லதண்ணியில் ஒரு கருஞ்சிறுத்தை அப்படிப்பட்ட கம்பியில் சிக்கியது. உயிரோடு மீட்டுச் சிகிச்சைக்குக் கொண்டு போயும் சில நாட்களில் செத்துப்போனது. கம்பியைக் கண்டால் வனத்துறைக்குச் சொல்லத் தயங்காதீர்கள். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டத்தில் சிறுத்தை உச்சப் பாதுகாப்பு தரும் முதல் அட்டவணையில் இருக்கிறது, கறுப்போ புள்ளியோ. கம்பியில் தாய் மாட்டினால், பசியோடு அனுபவமில்லாத குட்டி ஒன்று உங்கள் கொட்டகையைச் சுற்றி வரும்.

சிசிடிவி பதிவைத் தேதி, நேரத்தோடு எடுத்து வைத்து வனச்சரக அலுவலகத்தில் கொடுங்கள். ஊர்ப் பெயர் போட்டு வாட்ஸ்அப்பில் விடாதீர்கள். கறுப்பு என்றதும் செல்போனோடு கூட்டம் கூடும். டார்ச் அடித்துத் துரத்துகிற இரவில்தான் தாய் ஒரு பக்கமும் குட்டி ஒரு பக்கமுமாகத் தேயிலைக்குள் சிதறும். மறுநாள் காலை அதே தேயிலைக்குள் கொழுந்து எடுக்க இறங்கப் போவது உங்கள் ஆட்கள்.