வேன் கழன்று போகிறதா? அம்பு ஒட்டுவது பற்றிக் கேள்வி பதில்

அம்பின் வால் பக்கம் ஒட்டும் பிளாஸ்டிக் சிறகான வேன், பறவை இறகு இரண்டையும் ஒட்டுவது பற்றி எதை வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். வந்தவற்றில் பாதி, "எந்தப் பசை நல்லது?" என்பதுதான். ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன்.

அக்கா, புது கார்பன் அம்பு. சூப்பர் குளூ போட்டுத்தான் ஒட்டினேன். ஒரு நாள் பயிற்சி முடிவதற்குள் வேன் தோல் உரிகிற மாதிரி முழுசாகக் கழன்று வந்துவிடுகிறது. வில்வித்தைக்கென்றே விற்கிற விலை உயர்ந்த பசை வாங்கட்டுமா? (கல்லூரி மாணவர், கோவை)

இப்போதைக்கு வாங்க வேண்டாம், தம்பி. கழன்ற வேனைத் திருப்பி அடியைப் பாருங்கள். பசை எந்தப் பக்கம் தங்கியிருக்கிறது? ஷாஃப்டில், அதாவது அம்பின் தண்டில், கோடாகத் தங்கி, வேனின் அடி பளபளவென்று இருந்தால் வேனைத்தான் பசை பிடிக்கவில்லை. பிளாஸ்டிக்கை அச்சில் வார்க்கும்போது எளிதாகக் கழன்று வரட்டும் என்று ஒரு வழுக்குப் பொருள் தடவுவார்கள். அதன் மிச்சம் அடியில் இருக்கலாம். பசை வேனோடு வந்து, ஷாஃப்ட் வெறுமையாக நின்றால் ஷாஃப்டில் பிசுக்கு. இரண்டிலும் பாதிப் பாதி பிய்ந்து நின்றால்தான் பசையைச் சந்தேகப்பட வேண்டும். அது பழையதாக இருக்கும், இல்லையென்றால் அளவுக்கு மேல் போட்டிருப்பீர்கள்.

விலை உயர்ந்த வேகப் பசைகளில் பலவும் சூப்பர் குளூவின் அதே சயனோஅக்ரிலேட் குடும்பம்தான். கொஞ்சம் கெட்டியாக இருப்பதால் வழியாது. சில வகை காய்ந்த பிறகும் லேசாக வளைந்து கொடுக்கும். வசதிதான், ஆனால் எண்ணெய்ப் பிசுக்கை எந்தப் பசையும் வெல்லாது.

எங்கள் மைதானத்தில் ஒரு பையன். வாரா வாரம் வேன் கழன்றதென்று வந்து நிற்பான். அவன் ஒட்டுவதை ஒரு நாள் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். ஷாஃப்டை அழகாகத் துடைத்தான், ஒட்டும்போது அம்பைப் பிடித்துக்கொள்ளும் கருவியான ஜிக்கில் வைத்தான். அப்புறம் நெற்றியில் விழுந்த முடியைக் கையால் ஒதுக்கிவிட்டு, அதே விரலால் வேனின் அடியைத் தடவிப் பார்த்தான். தலையில் காலையில் அம்மா வைத்துவிட்ட தேங்காய் எண்ணெய்! எய்தவன் இருக்க அம்பை நோவானேன் என்பார்கள். நாமோ தொட்ட விரல் இருக்கப் பசையை நோகிறோம்.

எவ்வளவு பசை போட வேண்டும்?

கோலத்தில் இழுக்கிற மெல்லிய இழை அளவு. வேனை அழுத்தும்போது இரு பக்கமும் பிதுங்கி வழிந்தால் அதிகம். சயனோஅக்ரிலேட் இறுகுவது பரப்பின் மேலுள்ள ஈரத்தால். படலம் மெலிதாக இருந்தால் நொடிகளில் பிடிக்கும், தடியாக இருந்தால் நடுவில் கொழகொழவென்றே நிற்கும். வேனின் முன் முனையிலும் பின் முனையிலும் மட்டும் கடைசியில் ஆளுக்கொரு சொட்டு வையுங்கள். இலக்கில் புகும்போது முதலில் உரசுவது முன் முனை, பிரிவதும் பெரும்பாலும் அங்கிருந்துதான் தொடங்கும்.

எதை வைத்துத் துடைப்பது? வீட்டில் சானிடைசர், நெயில் பாலிஷ் ரிமூவர் இரண்டும் இருக்கின்றன. (திருச்சி)

இரண்டையும் தள்ளி வையுங்கள். கை வறண்டு போகாமலிருக்க சானிடைசரில் கிளிசரின் சேர்ப்பது வழக்கம். உலக சுகாதார நிறுவனம் கொரோனாவுக்கு முன்பே வெளியிட்ட செய்முறையிலும் கிளிசரின் உண்டு. ஆல்கஹால் பறந்துவிடும், கிளிசரின் ஷாஃப்டில் உட்கார்ந்துகொள்ளும். ரிமூவரிலும் வாசனையும் எண்ணெயும் கலந்தவை இருக்கின்றன. அப்படி ஒன்றால் துடைத்து ஒட்டிய ஆறு அம்புகளை மறுநாள் காலையில் மொட்டையாகப் பார்த்தவள் நான். மருந்துக் கடை ஸ்பிரிட்டிலும் சில வகைகளில் விளக்கெண்ணெய் உண்டு, லேபிளைப் படியுங்கள்.

மொபைல் ரிப்பேர் செய்பவர்கள் போர்டு துடைக்க வைத்திருக்கும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் போதும். ஐ.பி.ஏ. என்று கேட்டால் தருவார்கள். கார்பன் ஷாஃப்ட் பளபளப்பாக இருந்தால் 400 நம்பர் உப்புத்தாளை ஈரமாக்கி, பளபளப்பு மங்கும் வரை மட்டும் லேசாகத் தேயுங்கள். உலர்ந்த கார்பன் தூள் மூச்சுக்குள் போகக் கூடாது, அதனால்தான் ஈரம். பிறகு வெள்ளைத் துணியில் ஐ.பி.ஏ. நனைத்து, துணியில் கறுப்பு வருவது நிற்கும் வரை துடையுங்கள். வேனின் அடிக்கு ஒரு தடவை இழுத்தால் போதும். அடியில் ஏற்கெனவே, பசை பிடிக்க உதவும் பிரைமர் பூசிய வேன் என்றால் அதைத் துடைக்கலாமா கூடாதா என்று பாக்கெட்டில் போட்டிருப்பார்கள், அப்படியே செய்யுங்கள்.

அலுமினிய அம்புக்கும் இதேதானா?

அலுமினியத்துக்குச் சமையலறைக்குப் போங்கள். சபீனா மாதிரிப் பாத்திரம் தேய்க்கும் தூளை ஈரத்துணியில் தொட்டு ஒட்டும் இடத்தைத் தேய்த்து, குழாய்த் தண்ணீரில் கழுவுங்கள். கழுவும்போதே சோதனையும் முடிந்துவிடும். தாமரை இலைத் தண்ணீர் மாதிரி முத்து முத்தாக நின்றால் பிசுக்கு மிச்சமிருக்கிறது. ஒரே படலமாகப் பரவி நின்றால் சுத்தம். அப்புறம் அந்த இடத்தில் விரல் படவே கூடாது, நாண் மாட்டும் நாக் பக்கமோ முன் முனையான பாயிண்ட் பக்கமோ பிடித்துக்கொள்ளுங்கள்.

மேடம், என் மகள் இந்தியன் ரவுண்ட் என்ற மரபு வில் பிரிவில் ஆடுகிறாள். மூங்கில் அம்பு, இறகு. சூப்பர் குளூ போட்டால் இறகு கல் மாதிரி ஆகிவிடுகிறது. ஃபெவிகால் போடலாமா? (சேலத்திலிருந்து ஒரு அப்பா)

தண்ணீர் மாதிரி ஓடுகிற சூப்பர் குளூவை இறகின் தண்டு உறிஞ்சி இழைகளுக்குள் ஏற்றிவிடும், அதனால்தான் விறைக்கிறது. அதிலேயே ஜெல் வகை வாங்குங்கள், ஏறாது.

ஃபெவிகால் மரத்துக்கும் இறகுக்கும் நன்றாகவே ஒத்துப்போகும். அவசரம் மட்டும் கூடாது. ஒவ்வொரு இறகுக்கும் ஜிக்கில் அரை மணி நேரமாவது வேண்டும், எய்வது மறுநாள்தான். சாதாரண வகை மழையில் இளகும், தண்ணீர் தாங்கும் வகையாகப் பார்த்து வாங்குங்கள். பிளாஸ்டிக் வேனுக்கும் கார்பனுக்கும் இது ஆகாது.

உங்கள் விஷயத்தில் பசையைவிட மூங்கிலின் தோல்தான் முக்கியம். மேல் தோல் மெழுகு மாதிரி வழவழப்பு, அதில் எதுவும் ஊறாது. இறகு உட்காரும் மூன்று கோடுகளில் மட்டும் உப்புத்தாளால் அந்தத் தோலை எடுங்கள். வார்னிஷ் அடித்த அம்பு என்றால் இன்னொரு சிக்கல் உண்டு. கரைப்பானில் செய்த ட்யூப் பசைகள் சில வார்னிஷைக் கரைத்துவிடும். பழைய அம்பு ஒன்றில் ஒரு சொட்டு வைத்துப் பார்த்துவிட்டு இறங்குங்கள்.

இறகின் முனையில் நூல் சுற்றுவது வெறும் அலங்காரமா?

இல்லை, அதுதான் பழைய காப்பீடு. 1991இல் ஆல்ப்ஸ் பனியில் கிடைத்த, சுமார் 5,300 ஆண்டுகளுக்கு முந்தைய ஓட்சி மனிதனின் அம்புகளிலேயே இறகை பிர்ச் மரத் தாரால் ஒட்டி மெல்லிய நூலால் சுற்றியிருக்கிறது. பசை விட்டாலும் நூல் பிடிக்கும். இறகின் முன் முனை ஷாஃப்டோடு படியும்படி சரிவாகச் சீவியிருக்க வேண்டும், இல்லையென்றால் கையைக் கிழிக்கும்.

சுருண்ட மெல்லிய ஸ்பின் வேனுக்குப் பசையே வேண்டாமா?

வேண்டாம், கூடவே வரும் இரட்டைப் பக்க டேப் போதும். துடைப்பது மட்டும் அதே கறாரோடு. இரு முனையிலும் டேப்பைச் சுற்றி இழுத்துக் கட்டுங்கள். வெயிலில் நிற்கும் காருக்குள் அம்புப் பெட்டியை விட்டுவிட்டு வராதீர்கள், டேப்பின் பிசின் இளகி வேன் நகர்ந்துவிடும்.

பழைய வேனைக் கத்தியால் சுரண்டி எடுக்கிறேன். தப்பா? (மதுரை)

கார்பனில் கூர்க் கத்தி தப்புதான். இழை ஒன்று அறுந்தால் அம்பு அந்த இடத்தில் பலவீனமாகிவிடும், வில்லிலிருந்து கிளம்பும்போது உடைந்து கையில் ஏறும் ஆபத்து உண்டு. மழுங்கிய கத்தியைப் படுக்க வைத்துத் தள்ளுங்கள். மிச்சப் பசையை அசிட்டோன் தொட்ட துணியால் துடைக்கலாம், ஷாஃப்டை அதில் ஊறப்போடக் கூடாது. நாக் பகுதியை முதலில் கழற்றிவிடுங்கள், அசிட்டோன் பட்டால் அந்த பிளாஸ்டிக் கெட்டுப்போகும். முடித்ததும் இரு முனையையும் பிடித்து லேசாக வளைத்து, சுற்றிச் சுற்றிப் பாருங்கள், காதையும் கொடுங்கள். "சட்" என்று ஒரு சத்தம் கேட்டாலும் அந்த அம்பை உடைத்துக் குப்பையில் போடுங்கள்.

விரல் ஒட்டிக்கொண்டால்?

பிய்க்காதீர்கள். வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் ஊறவிட்டு மெல்ல உருட்டிப் பிரியுங்கள். பருத்திக் கையுறை போட்டுக்கொண்டு சூப்பர் குளூவைத் தொட வேண்டாம், பருத்தியில் ஊறினால் சுடும் அளவுக்குச் சூடாகும். கண்ணில் தெறித்தால் நேராக மருத்துவமனைக்கு.

சென்னையில் ஒட்டினால் வேனைச் சுற்றி வெள்ளையாகப் பூக்கிறது. பசை கெட்டுவிட்டதா?

கெடவில்லை. அதிகமாகப் போட்ட பசையின் ஆவி காற்றின் ஈரத்தோடு சேர்ந்து பொடியாகப் படிகிறது. அளவைக் குறைத்து, காற்றோட்டமான இடத்தில் ஒட்டுங்கள். திறக்காத ட்யூபை ஃபிரிட்ஜில் வைக்கலாம். வெளியே எடுத்ததும் மூடியைத் திறக்காமல், அறைச் சூட்டுக்கு வரும் வரை காத்திருங்கள். குளிர்ந்த ட்யூபைத் திறந்தால் உள்ளே ஈரம் கோத்துக்கொண்டு முழு ட்யூபும் இறுகிவிடும்.