பரவல் எம்ஆர்ஐ எடுத்தால் ஈரல் பயொப்சி தேவையில்லையா? மாமாவோடு போய்வந்த அனுபவம்

உங்கள் அண்ணாவுக்கு நாட்பட்ட ஹெப்படைட்டிஸ் பி (ஈரலைத் தாக்கும் வைரஸ் நோய்), கிளினிக்கில் பரவல் எம்ஆர்ஐ எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள், அதை எடுத்தால் ஊசி குத்தி ஈரல் துண்டு எடுக்கிற பயொப்சியைத் தவிர்க்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அந்த ஸ்கானை மட்டும் நம்பித் தவிர்க்க முடியாது. ஆனால் எடுக்கச் சொன்னால் கட்டாயம் எடுங்கள். அதற்கு முதல் இன்னொன்று: அண்ணாவின் உடம்பில் எங்காவது செல் பீஸ், அதாவது போரில் வெடித்த எறிகணையின் துண்டு, இருக்கிறதா? இருந்தால் அதைத்தான் முதலில் கவனிக்க வேண்டும், கீழே சொல்கிறேன்.

நான் டொக்டர் இல்லை. கிளிநொச்சியில் உயர்தரத்துக்குப் பௌதிகவியல் படிப்பிக்கிறேன். எங்கள் மாமா இரத்ததானம் செய்யப்போன இடத்தில்தான் அவருக்கு பி வைரஸ் இருப்பது தெரிந்தது. ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோதும் இருந்தது, அப்படி ஆறு மாதம் தாண்டினால்தான் நாட்பட்டது என்பார்கள். ஆளுக்கு ஒரு வருத்தமும் இல்லை, செங்கமாரி வரவில்லை, வயலுக்குப் போய்வந்துகொண்டிருந்தார். ஈரல் அப்படித்தான், உள்ளே தழும்பு கட்டிக்கொண்டே போகும், வெளியே ஒன்றும் தெரியாது. அந்தத் தழும்பு எவ்வளவு என்று அறியத்தான் இவ்வளவு பாடும். எஃப்0 என்றால் தழும்பு இல்லை, எஃப்4 என்றால் ஈரல் சுருங்கிக் கரடாகிவிட்ட சிரோசிஸ்.

பரவல் எம்ஆர்ஐ பார்ப்பது தண்ணீர் மூலக்கூறுகளின் அலைச்சலை. எந்த நீரிலும் மூலக்கூறுகள் சும்மா நிற்பதில்லை, திசையில்லாமல் முட்டி மோதித் திரியும். மெசின் அதை ஒரு செக்கனில் இருபதில் ஒரு பங்கு அளவான நேரத்துக்குள் பிடிக்கிறது. அந்த நேரத்தில் உடம்புச் சூட்டில் இருக்கிற வெறும் தண்ணீர் மூலக்கூறு போகிற தூரம் ஏறக்குறைய 0.03 மில்லிமீற்றர், தலைமுடியின் தடிப்பை விடக் குறைவு. ஈரலுக்குள் அதுவும் இல்லை, உயிர்க்கலங்களின் மென்சவ்வுகள் மறிக்கும். தழும்பு நார் கூடினால் இன்னும் மறிக்கும். வெட்டைவெளியில் விட்ட கோழிக்குஞ்சும் வடலிக்குள் விட்ட கோழிக்குஞ்சும் ஒரே நேரத்தில் ஒரே தூரமா போகும்? அந்தத் தூரத்தை ஒரு எண்ணாக்கினால் அதற்குப் பெயர் ஏடிசி. வெறும் தண்ணீருக்கு அது 3 என்றால் ஈரலுக்கு அதில் பாதியோ அதற்கும் குறைவோ. தழும்பு ஏற ஏற எண் இறங்கும்.

கேட்க நல்லாயிருக்கிறது, எனக்கும் முதலில் வாசித்தபோது அப்படித்தான் இருந்தது, ஆனால் சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. ஈரல் என்பது இரத்தம் ஊறின உறுப்பு. நுண்குழாய்களில் ஓடுகிற இரத்தத்தையும் மெசின் அலைச்சல் என்றே எடுத்துக்கொள்ளும். நோய் முற்றும்போது அந்த ஓட்டமும் குறைகிறது, அதனால் எண் இறங்கியது நாராலா, இரத்தம் குறைந்ததாலா என்று ஒரே எண்ணை வைத்துச் சொல்ல முடியாது. எலிகளில் செய்த ஒரு ஆய்வில் உயிரோடு இருக்கும்போது தெரிந்த வித்தியாசம், உயிர் போய் இரத்தம் நின்றபின் காணாமல் போயிருக்கிறது! இரண்டையும் பிரிக்கத்தான், மெசின் அலைச்சலை எவ்வளவு நுணுக்கமாக உணரவேண்டும் என்று வைக்கிற பி-பெறுமானம் என்கிற அமைப்பை (நோயின் பெயரில் இருக்கிற பி வேறு) 0, 50, 400, 800 என்று கூட்டிக் கூட்டிப் படம் எடுக்கிறார்கள். இந்தப் பிரிப்பு முறையை 1986 இல் லு பிஹான் என்ற பிரெஞ்சுக்காரரும் அவருடைய குழுவும் முன்வைத்தார்கள். அது தவிர ஈரலில் கொழுப்பு இருந்தாலும் இரும்பு படிந்திருந்தாலும் எண் இறங்கும். இதயத் துடிப்பு இடப்பக்கத்து ஈரலைக் குலுக்குவதால் வலப்பக்கத்தில்தான் அளப்பார்கள். மெசின் மாறினால் எண்ணும் மாறும், ஆகவே வேறு இடத்தில் எடுத்த பழைய ரிப்போட்டோடு ஒப்பிட்டுக் கவலைப்பட வேண்டாம்.

ஆகவே என் விளக்கம் இது: எஃப்0 ஐயும் எஃப்4 ஐயும் பிரித்துக்காட்ட இது உதவும், எஃப்1 ஆ எஃப்2 ஆ என்ற கேள்விக்கு இதன் பதில் பலவீனமானது. தழும்பின் விறைப்பை நேரே அளக்கிற ஃபைப்ரோஸ்கானும் எம்ஆர் எலாஸ்ற்றோகிராபியும் இந்த விஷயத்தில் பரவல் எம்ஆர்ஐயை விட நம்பகமானவை. இரத்த அறிக்கையில் உள்ள ஏஎஸ்டி, ஏஎல்டி (இரண்டும் ஈரல் நொதியங்கள்), பிளேற்லெற் (குருதிச்சிறுதட்டு) எண்ணிக்கை, இவற்றோடு வயது, நான்கையும் வைத்துத் தழும்பை மதிப்பிடுகிற ஃபிப்-4 என்ற கணக்கைச் செலவில்லாமல் போட்டுவிடலாம், கிளினிக்கில் கேளுங்கள். பயொப்சியும் பிழையே வராத ஒன்று இல்லை, அந்தச் சின்னத் துண்டு முழு ஈரலில் ஏறக்குறைய 50,000 இல் ஒரு பங்குதான். இதெல்லாம் சேர்ந்துதான் முடிவு வரும். பரவல் படம் உண்மையில் கைகொடுப்பது ஈரலில் சின்னக் கட்டி ஏதும் தொடங்குகிறதா என்று தேடுவதில். உயிர்க்கலங்கள் நெருக்கமான இடம் அதில் பளிச்சென்று தெரியும். இதற்கு நாளத்தில் மருந்து ஏற்றத் தேவையில்லை, சிறுநீரகம் பழுதானவர்களுக்கு அது பெரிய ஆறுதல்.

சரி, செல் பீஸ் விஷயம். மாமாவை இரவு பஸ்சில் கொழும்புக்குக் கொண்டுபோனோம். அங்கே ஒரு இடத்தில் தந்த படிவத்தில் ஒரு தமிழ் எழுத்தும் இல்லை. நான் பணம் கட்டப் போன நேரம் அவர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார். உள்ளே கூப்பிடும்போது ஒருவர் அரைகுறைத் தமிழில் "உடம்பில இரும்பு இருக்கா?" என்று கேட்க, "இல்லை" என்றார். நான் "இருக்கு" என்றேன். மாமா என்னைப் பார்த்த பார்வை இன்னும் மனதில் நிற்கிறது. "ஏன் தம்பி சொன்னனி, எப்படி வந்தது எண்டு கேப்பாங்களே" என்றார் பிறகு. 2009 இல் பதுங்குகுழி வாசலில் பட்டது. அதைச் சொல்ல இத்தனை வருடம் கழித்தும் பயம். வன்னியில் எத்தனை பேர் இப்படி உடம்பில் பீஸோடு வாய்மூடி இருக்கிறார்கள் என்று உங்களுக்கும் தெரியும்.

எக்ஸ்ரே எடுத்தார்கள். மூன்று பீஸ், இரண்டு இடுப்பில், ஒன்று வலப்பக்க விலாவுக்குக் கீழே. செல் துண்டு அனேகமாக இரும்பு, காந்தம் அதை இழுக்கலாம், மெசினின் ரேடியோ அலை அதைச் சூடாக்கலாம். கண், முள்ளந்தண்டு, பெரிய இரத்தக்குழாய் இவற்றுக்குப் பக்கத்தில் இருந்தால் உயிராபத்து. மாமாவுடையது பழையது, சதைக்குள் புதைந்தது என்று பார்த்துப் பொறுப்பான டொக்டர் சம்மதித்தார். அது அவருக்கு எடுத்த முடிவு, அண்ணாவுக்கும் அப்படியே என்று நினைக்க வேண்டாம். அப்புறம் இன்னொன்று, பரவல் படம்தான் உலோகத்துக்குப் பக்கத்தில் மிக மோசமாக வளைந்து போகும். விலாவடியில் இருந்த பீஸ் ஈரலின் ஒரு ஓரத்தையே கறுப்பாக்கிவிட்டது, மிச்ச இடத்தில்தான் அளந்தார்கள். தெரியாமல் எடுத்திருந்தால் அந்தக் கறுப்பை வேறு என்னவோ என்று நினைத்திருப்பார்கள்.

மாமாவுக்குத் தழும்பு நடுத்தரம் என்று ஃபைப்ரோஸ்கானும் பார்த்து முடிவு செய்தார்கள். இப்போது தினமும் ஒரு ரெனொஃபோவிர் குளிசை, ஆறு மாதத்துக்கு ஒருமுறை அல்ட்ராசவுண்ட். மாமிக்கும் பிள்ளைகளுக்கும் இரத்தம் பார்த்துத் தடுப்பூசி போட்டோம், உங்கள் வீட்டிலும் அதைச் செய்யுங்கள். ஒரே கோப்பையில் தேத்தண்ணி குடித்தால் இது தொற்றாது, அண்ணாவைத் தள்ளி வைக்காதீர்கள்.

ஸ்கானுக்கு நாள் குறித்துவிட்டார்களா? அண்ணாவிடம் தனியாக இருக்கும்போது பீஸ் பற்றிக் கேளுங்கள், எல்லார் முன்னாலும் கேட்டால் இல்லை என்றுதான் சொல்வார். இருந்தால் எக்ஸ்ரேயை முதலே எடுத்துக் கையில் வைத்திருங்கள், படிவத்தை நீங்களே பக்கத்தில் நின்று நிரப்புங்கள்.