மூன்று அலமாரிக் கைவேலை

அன்புள்ள சார்,

கணக்குப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். பள்ளிக்கூட நாளில் பிடித்த குரோஷா ஊசியை இன்னும் கீழே வைக்கவில்லை. நடுவில் எம்பிராய்டரி, மணி வேலை, துணிப் பொம்மை, காகிதப் பூ என்று எதையும் விட்டதில்லை. வேலைக்குப் போன காலத்தில், மதிய இடைவேளையில் பத்து நிமிஷம் கிடைத்தாலும் இரண்டு வரிசை போட்டுவிடுவேன். இப்போது நேரம் நிறைய இருக்கிறது, அலமாரிதான் போதவில்லை. மூன்று நிரம்பிவிட்டன. "யாருக்கும்மா இதெல்லாம்?" என்கிறான் மகன். மருமகள் ஆன்லைனில் விற்கச் சொன்னாள். ஒரு மேஜை விரிப்புக்கு ஆர்டரும் வந்தது. விலையைச் சொன்னதும், "கடையில் இதில் பாதிதானே" என்றார் கேட்டவர். அதிலிருந்து மனசு சரியில்லை. விற்பதா, நிறுத்திக்கொள்வதா? இத்தனை வருஷமும் சும்மா பொழுதைத்தான் போக்கினேனா? விரல் மூட்டும் இப்போது கொஞ்சம் வலிக்கிறது.

ஒரு வாசகி

*

அன்புள்ள அம்மாவுக்கு,

முதலில் அந்தப் பாதி விலையைப் பார்ப்போம். காலுறை பின்னும் இயந்திரத்தை வில்லியம் லீ என்ற ஆங்கிலேயர் 1589-லேயே செய்துவிட்டார். இரண்டு ஊசியில் போடும் ஸ்வெட்டர் பின்னலை இயந்திரம் எப்போதோ எடுத்துக்கொண்டது. அதில் ஒரு வரிசைக் கண்ணிகள் மொத்தமும் ஊசியில் வரிசையாக நிற்பதால் இயந்திரத்துக்கு வசதி. குரோஷா ஊசி ஒன்றுதான், அதன் நுனியில் ஒரு கொக்கி. அந்தக் கொக்கியில் நிற்பது பெரும்பாலும் ஒரே ஒரு கண்ணி. அடுத்து எந்த ஓட்டைக்குள் நுழைவது என்பதை ஒவ்வொரு தடவையும் கைதான் தேடிப் பிடிக்கிறது. இதை வியாபார அளவில் செய்து தள்ளும் இயந்திரம் இன்னும் வரவில்லை. குரோஷா மாதிரித் தெரியும் லேஸ் துணி இயந்திரத்தில் வருகிறது, உண்மைதான். நீங்கள் உற்றுப் பார்த்தால் வித்தியாசம் தெரிந்துவிடும். ஆக, கடையில் பாதி விலைக்குக் கிடைப்பது ஒன்று குரோஷாவே இல்லை, இல்லையென்றால் எங்கோ ஒருவர் கையால் போட்டுவிட்டு மிகக் குறைந்த கூலி வாங்கியிருக்கிறார். இதில் நீங்கள் மனம் வருந்த என்ன இருக்கிறது?

அடுத்தது, பொழுதைப் போக்கினேனா என்ற கேள்வி. கணக்குப் பிரிவில் இருந்தவர் என்பதால் இதைச் சொல்ல எனக்கு ஒரு தனி சந்தோஷம். நடுவிலிருந்து வட்டமாகப் போடும்போது, சிங்கிள் குரோஷா என்ற எளிய தையலில் சுற்றுக்கு ஆறு தையல் கூட்டிக்கொண்டே போனால் தட்டையாக வரும். குறைவாகக் கூட்டினால் கிண்ணமாகக் குழியும். அளவுக்கு மீறிக் கூட்டினால் ஓரம் அலை அலையாகச் சுருளும். பழகாதவர்கள் தப்பாகிவிட்டது என்று பிரித்துவிடுவார்கள். அந்தச் சுருளைத்தான் கணித ஆசிரியர்கள் வகுப்பில் மாணவர்கள் கையில் கொடுக்க முடியாமல் திண்டாடிக்கொண்டிருந்தார்கள். ஒரு கோட்டுக்கு வெளியே உள்ள புள்ளி வழியாக அதற்கு ஒரே ஒரு இணைகோடுதான் போட முடியும் என்பது பள்ளியில் படித்த யூக்ளிடின் விதி. அந்த விதி செல்லாத இந்த வளைந்த பரப்புக்கு ஹைப்பர்போலிக் தளம் என்று பெயர். காகிதத்தை வெட்டி ஒட்டிச் செய்த மாதிரிகள் சீக்கிரம் கிழிந்துபோகும். அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் இருந்த கணித அறிஞர் டைனா டைமினா 1997-ல் அதைக் குரோஷாவில் போட்டார். இத்தனை தையலுக்கு ஒன்று கூட்டு என்ற ஒரே விதியைக் கடைசிவரை மாற்றாமல் போட்டால் போதும், தளம் தானே உருவாகிவிடும். முதலில் இரண்டு ஊசிப் பின்னலில்தான் முயன்றிருக்கிறார். கண்ணிகள் பெருகி ஊசியில் அடங்காமல் போகவே கொக்கிக்கு மாறினார். அவர் சிறுவயதில் கற்ற கைவேலைதான் அங்கே உதவியது. உங்கள் விரல்களுக்கும் அந்த விதி தெரியும். சமன்பாடாக எழுதியிருக்க மாட்டீர்கள், அவ்வளவுதான்.

இன்னொருவரையும் சொல்ல வேண்டும். பதினெட்டாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் மேரி டிலேனி என்று ஒருவர். வாழ்நாள் முழுக்க எம்பிராய்டரி, கிளிஞ்சல் வேலை என்று கையைச் சும்மா வைக்காதவர். இரண்டாவது கணவரும் இறந்த பிறகு, 1772-ல், தன் 72-வது வயதில் காகிதத்தை நுணுக்கமாக வெட்டிக் கறுப்புத் தாளில் ஒட்டிப் பூக்கள் செய்ய ஆரம்பித்தார். நிஜச் செடியை எதிரே வைத்துக்கொண்டு, இதழ், மகரந்தத் தாள், நரம்பு என்று ஒவ்வொன்றையும் தனித்தனியாக வெட்டுவார். பார்வை மங்கி நிறுத்தும்வரை சுமார் பத்து வருஷத்தில் தொள்ளாயிரத்துக்கும் மேல் செய்துவிட்டார். இன்று அவை பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. உங்கள் மூன்று அலமாரியும் அங்கே போகும் என்று ஆசை காட்டவில்லை! எனக்கு அவரிடம் பிடித்தது வேறு விஷயம். செடியின் பெயர், செய்த தேதி, இடம் எல்லாவற்றையும் குறித்துவைத்தார். நம் கைவேலைகளில் காணாமல் போவது இதுதான். பேத்தி ஒருநாள் ஒரு விரிப்பை எடுத்துப் பார்த்தால், யார் போட்டது, எந்த நூல், எத்தனாம் நம்பர் ஊசி என்று அதில் எதுவும் இருக்காது.

அதனால் அலமாரியைக் காலி செய்யும் வேலையை மகனிடம் விடாதீர்கள், நீங்களே செய்யுங்கள். ஒவ்வொரு மாதிரியிலும் சிறந்த ஒன்றை வைத்துக்கொண்டு, ஒரு சின்னத் துணியில் விவரம் எழுதி ஓரத்தில் தைத்துவிடுங்கள். மற்றதை உபயோகிக்கிறவர்களுக்குக் கொடுத்துவிடலாம். கறை படிந்தால் படியட்டும். வைத்துக்கொள்வதைக் கஞ்சி போடாமல் துவைத்து, நன்றாகக் காயவைத்து, பிளாஸ்டிக் பையில் போடாமல் பழைய பருத்தித் துணியில் சுற்றி வையுங்கள். கஞ்சி பூச்சியைக் கூப்பிடும். பெரிய விரிப்புகளை மடிக்காமல் சுருட்டி வைத்தால் மடிப்பில் நூல் இற்றுப்போகாது.

விரல் வலிக்கு மருத்துவரைப் பாருங்கள், நான் சொல்லக் கூடாது. ரப்பர் பிடி போட்ட தடித்த ஊசிகள் கிடைக்கின்றன, இறுக்கிப் பிடிக்கத் தேவையிருக்காது. நடுநடுவே ஊசியைக் கீழே வைத்து விரல்களுக்கு ஓய்வு கொடுங்கள்.

விற்பது பற்றி. பிடித்த வேலைக்குக் கெடு வைத்துக்கொள்வது எல்லோருக்கும் ஒத்துவராது. உங்களுக்கு ஒத்துவராது என்றுதான் கடிதத்தைப் படித்தால் தோன்றுகிறது. சரி, ஒருவேளை அந்த விரிப்புக்காரர் மறுபடி கேட்டால் விலையைக் குறைக்காதீர்கள். எத்தனை மணி நேரம் ஆகும் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். அதைப் பார்த்த பிறகும் பாதிக்குத்தான் வேண்டும் என்றால், கடையிலேயே வாங்கிக்கொள்ளட்டும்.