வாசகர் கேள்வி: தாராவிப் பையன் பசுமைக் கட்டடம் படிக்கலாமா?

கேள்வி: அண்ணா, எங்கள் வீடு தாராவி 90 அடிச் சாலைப் பக்கம். அப்பா இட்லி வியாபாரம். விடியற்காலை நாலு மணிக்கு அடுப்பைப் பற்ற வைத்தால் ஏழு மணிக்கு சைக்கிளில் கிளம்பிவிடுவார். நான் இந்த வருடம் சிவில் முடிக்கிறேன். கிரீன் பில்டிங், மறுசீரமைப்பு என்று போகலாமா என ஆசை. நண்பர்களோ, "அதெல்லாம் பில்டர் விளம்பரத்துக்கு ஒட்டுகிற ஸ்டிக்கர், பேசாமல் சாஃப்ட்வேர் பக்கம் போடா" என்கிறார்கள். தாராவி மறுசீரமைப்பில் எங்கள் வீடும் எப்படியும் இடிபடத்தான் போகிறது. என்ன சொல்கிறீர்கள்?

பதில்: தம்பி, உங்கள் நண்பர்கள் சொல்வதில் பாதி உண்மை.

நான் இந்தத் தொழிலுக்கு வந்த புதிதில் மும்பை புறநகரில் ஒரு கட்டடத்துக்குப் பசுமைச் சான்றிதழ் வாங்க ஓடி ஓடி ஃபைல் தயாரித்தேன். லாபியில் பளபளவென்று சான்றிதழ்ப் பலகை மாட்டினார்கள். கீழே எஸ்டிபி, அதாவது கழிவுநீரைச் சுத்தம் செய்து ஃப்ளஷ்ஷுக்கும் தோட்டத்துக்கும் அனுப்புகிற அமைப்பு. பில்டர் குடியிருப்பவர்களின் சொசைட்டியிடம் ஒப்படைத்துவிட்டுப் போய் எட்டு மாதம்கூட ஆகவில்லை, கரண்ட் பில்லைப் பார்த்த செக்ரட்டரி மோட்டாரை நிறுத்திவிட்டார். நான் ஒருநாள் எட்டிப் பார்த்தபோது எஸ்டிபி அறைக்குள் கணபதிப் பந்தல் கம்புகள் அடுக்கியிருந்தன, வாசலில் தண்ணீர் லாரி நின்றது, பலகை மட்டும் துடைத்து வைத்தபடி அப்படியே இருந்தது.

இப்படிப் பசுமைச் சான்று தருகிற 2001-ல் தொடங்கிய ஐஜிபிசி, டெரி என்ற டெல்லி ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கிய கிரிஹா, அமெரிக்காவிலிருந்து வந்த லீட் எல்லாமே தண்ணீர் மிச்சம், கரண்ட் மிச்சம் என்று ஒவ்வொன்றுக்கும் புள்ளி போடுகிற கணக்குதான். வரைபட நிலையிலேயே முன்சான்று வாங்கி விளம்பரத்தில் போட்டுக்கொண்டு, கட்டி முடித்த பிறகு இறுதிச் சான்று பக்கமே போகாத பில்டர்களும் உண்டு. அந்தப் புள்ளிகளைக் கூட்டுகிற வேலை மட்டும்தான் கிடைக்கும் என்றால் நானே உங்களை சாஃப்ட்வேருக்கு அனுப்பிவிடுவேன்.

மீதிப் பாதிக்கு வருகிறேன். 2018-ல் மத்திய அரசின் எரிசக்தித் திறன் அமைப்பு, குடியிருப்புகளுக்கென்று ஈகோ நிவாஸ் சம்ஹிதா என்று ஒரு விதித்தொகுப்பு கொண்டுவந்தது. மாநிலம் ஏற்றுக்கொண்டால்தான் கட்டாயம், அது வேறு கதை. அதில் ஒரு கணக்கு: மும்பை போன்ற வெக்கையும் ஈரமும் சேர்ந்த ஊரில், வீட்டின் கார்பெட் ஏரியாவில், அதாவது சுவர்களுக்குள் இருக்கிற தரைப்பரப்பில், குறைந்தது 16.66 சதவீதம் வெளிக்காற்றுக்குத் திறக்கிற பரப்பாக இருக்க வேண்டும். தாராவி மறுசீரமைப்பில் தகுதியுள்ள குடும்பத்துக்கு 350 சதுர அடி வீடு என்கிறார்களே, அதற்கு இந்தக் கணக்கைப் போட்டால் சுமார் 58 சதுர அடி வருகிறது. நம் ஊரில் போடுகிற ஸ்லைடிங் ஜன்னல் ஆறுக்கு நாலு என்றால் 24 சதுர அடி, ஆனால் அதில் பாதிதான் ஒரு நேரத்தில் திறக்கும், அதனால் 12 என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். 350 சதுர அடிக்குள் அப்படி ஐந்து ஜன்னலை எந்தச் சுவரில் வைப்பீர்கள்? கதவு வைத்த பால்கனி கொடுக்கலாமா, ஸ்லைடிங்கை விட்டுவிட்டு முழுதாகத் திறக்கிற ஜன்னல் போடலாமா, பக்கத்துக் கட்டடத்தை எவ்வளவு தள்ளிக் கட்டலாம்? இதற்கெல்லாம் பதில் தேடுவதுதான் தம்பி இந்தத் தொழில்.

தள்ளிக் கட்டவில்லை என்றால் என்ன ஆகும் என்று பார்க்க கோவண்டி போய் வாருங்கள், உங்கள் பக்கத்துச் சயானிலிருந்து ஒன்றும் தூரமில்லை. சாலைக்கும் ரயிலுக்கும் இடம் விட்டவர்களைக் கொண்டுபோய்க் குடிவைத்த நட்வர் பாரேக் காம்பவுண்டில் ஏழு மாடிக் கட்டடங்களுக்கு நடுவே மூன்று மீட்டர்தான் இடைவெளி. டாக்டர்கள் குழு ஒன்றும் ஐஐடி பம்பாயும் சேர்ந்து ஆராய்ந்தபோது, வெயிலும் காற்றும் எட்டாத கீழ்த்தளங்களில்தான் காசநோய் அதிகம் என்று தெரிந்தது. குடிசையில் வராத நோய் பக்கா வீட்டில் வந்தது என்று அங்கே ஒரு அம்மா என்னிடம் சொன்னபோது, கையில் இருந்த லைட் மீட்டரைப் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

அப்புறம் உங்கள் அப்பாவின் இட்லி. அந்தப் பெரிய பாத்திரம் பதினாலாவது மாடியில் எங்கே கொதிக்கும்? ஆவி எங்கே போகும்? மாவு அரைக்கிற கிரைண்டரும் சைக்கிளும் லிஃப்டில் ஏறுமா? இதெல்லாம் எந்தச் சான்றிதழின் புள்ளிப் பட்டியலிலும் கிடையாது. நாலு மணிக்கு எழுந்து பார்த்த பையனுக்குத்தான் கேட்கத் தோன்றும். உங்களுக்குத் தமிழும் இந்தியும் மராத்தியும் வாயில் வரும் இல்லையா, மறுசீரமைப்பு வேலையில் பாதி நாள் சால் (வரிசை அறைக் குடியிருப்பு) கூட்டத்திலும் சொசைட்டி மீட்டிங்கிலும்தான் போகும். அங்கே கண்ணாடிக் கட்டட ஆலோசகர்கள் திணறுவதை நான் நேரில் பார்த்திருக்கிறேன்.

படிப்புக்கு: கேட் (GATE) தேர்வு எழுதுங்கள். டெல்லியில் எஸ்பிஏ என்கிற திட்டமிடல், கட்டடக்கலைக் கல்லூரியில் நகரத் திட்டமிடல் முதுகலைக்கு சிவில்காரர்களும் சேரலாம். கட்டடத்தின் வெப்பம், மின்சாரம் இவற்றில்தான் மனசு போகிறது என்றால் அகமதாபாத் செப்ட் பல்கலைக்கழகத்தில் அதற்கென்றே முதுகலை இருக்கிறது. வீட்டை விட்டுப் போக முடியாதா, இங்கேயே தேவனாரில் டிஸ் (டாடா சமூக அறிவியல் நிறுவனம்) நடத்துகிற நகரக் கொள்கை படிப்பைப் பாருங்கள். அதுவரை சும்மா இருக்க வேண்டாம், கட்டடத்துக்குள் எவ்வளவு சூடு ஏறும் என்று கணக்குப் போடுகிற எனர்ஜிபிளஸ் இலவச மென்பொருள்தான், உங்கள் வீட்டின் அளவுகளையே அதில் கொடுத்து மே மாத வெக்கையை ஓட்டிப் பாருங்கள். இடிப்பு வேலையையும் மட்டமாக நினைக்காதீர்கள். கட்டட இடிபாடுகளைப் பிரித்துக் கையாள 2016-லேயே விதி வந்துவிட்டது, பெரிய திட்டம் என்றால் கழிவுத் திட்டமே தனியாகத் தர வேண்டும் என்று அது சொன்னது, அதைத் தயாரிக்க ஆள் வேண்டும். ஆரம்பச் சம்பளம் சாஃப்ட்வேர் நண்பர்களோடு ஒப்பிட்டால் வயிறு எரியும், அதையும் சொல்லிவிடுகிறேன்.

கேள்வி: செம்பூரில் இருக்கிறேன், ஆர்க்கிடெக்ட், நாலு வருடம் இன்டீரியர் வேலை. பசுமைக் கட்டட ஆலோசகர் ஆவதற்கு ஐஜிபிசியின் ஏபி தேர்வு எழுதவா, லீட் தேர்வு எழுதவா?

பதில்: எங்கே வேலை தேடுகிறீர்கள் அம்மா? வெளிநாட்டுக் கம்பெனிகளுக்கு அலுவலகம் கட்டுகிற இடம் என்றால் லீட். அரசு சார்ந்த கட்டடங்கள் என்றால் கிரிஹா. இங்கே பில்டர்களோடு குடியிருப்புகள் என்றால் ஐஜிபிசி. ஒன்று போதும், மூன்றுக்கும் பணம் கட்டாதீர்கள். பரீட்சை ஒரு மாதப் படிப்பு, ஆனால் இன்டர்வியூவில் "சைட்டில் என்ன பார்த்தாய்" என்றுதான் கேட்பார்கள். அதனால் இப்போது செய்கிற இன்டீரியர் வேலையிலேயே பெயிண்ட், பிளைவுட், பசை இவற்றின் டேட்டா ஷீட்டுகளை வாங்கிச் சேர்த்து வையுங்கள். முதல் சான்றிதழ் ஃபைலில் உங்களிடம் அவற்றைத்தான் முதலில் கேட்பார்கள்.